பட்டாம்பூச்சி மேற்கே போகும் மாதத்தில்

எங்கள் சனங்களில், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் கை நனைக்க மாட்டார்கள். அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கும்வரை அந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு கிடையாது. வருவார்கள், உட்காருவார்கள், கொண்டுவந்த பழத்தை வைப்பார்கள், இலை போடுகிற நேரம் பார்த்து "பஸ்ஸுக்கு நாழியாவுது" என்று எழுந்துவிடுவார்கள். காப்பி மட்டும் குடிக்கலாம். காப்பிக்கு மட்டும் ஏன் விலக்கு என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன், பதில் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. என் அப்பா இதில் ரொம்பக் கறார்.

அப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் வலையும் கயிறும் விற்கிற கடை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அதிலிருந்து என் கல்யாணம்வரை அப்பாவுக்குச் சோறு பொங்கிப் போட்டது நான்தான். நான் கள்ளக்குறிச்சிக்கு வந்த பிறகு அவர் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஆக்கினது அவர் வாய்க்குப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. புருஷன் வீட்டில் எனக்கு வேறு ஒரு குறையும் இல்லை, இது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர், ஆனால் குருவிப் பைத்தியம். விடிந்தும் விடியாமலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். புதுப் பெண்டாட்டியை விட்டுவிட்டு இந்த ஆள் எங்கே போகிறார் என்று முதல் வாரம் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஒருநாள் விடாப்பிடியாகக் கூடப் போனேன். ஊருக்கு மேற்கே இருந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து, சேற்றில் ஓடுகிற உள்ளான் குருவியைப் பார்க்கிறார்! கடலூர்க்காரியிடம் உள்ளானைக் காட்டி, "எவ்ளோ தூரத்துலேர்ந்து வருது தெரியுமா" என்கிறார். எங்கள் ஊர் உப்பங்கழியில் அது மந்தை மந்தையாக ஓடும், எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். "இதுக்கா எழுந்து வந்தீங்க?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "இரு, இன்னும் கொஞ்ச நாள் போவட்டும், பூச்சி காட்டறேன்" என்றார்.

பூச்சி வருவதற்கு முன்னால் அப்பா வந்தார். அது புரட்டாசி. தலை தீபாவளிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் முறையாக நேரில் வந்து அழைக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான். சின்னசேலம்வரை ரயில், அங்கிருந்து பஸ். வெற்றிலை பாக்கு பழத்தோடு மத்தியானம் கழித்து வந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார், காப்பி குடித்தார், பஸ்ஸுக்குக் கிளம்பினார். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"பஸ் ஒண்ணும் ஓடலம்மா. மரத்த வெட்டி ரோட்டுக்குக் குறுக்கால சாச்சிக்கினு இருக்காங்க" என்றார்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. மறியல் வரும் என்று பேச்சு இருந்தது, இப்படி ஒரேயடியாக வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. ரோட்டோரத்துப் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. பஸ் இல்லை, ரயில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஓட்டல், டீக்கடை, பெட்டிக்கடை எல்லாம் சாத்திவிட்டார்கள்.

"கேக்கறது நாயந்தாங்க மாப்ள. ஆனா நான் எப்டி ஊருக்குப் போறது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார் அப்பா.

அப்பா பையிலிருந்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் இட்லி வைத்தேன். பசியில்லை என்றார். காப்பியைக் குடித்தார். மத்தியானம் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயிற்றுப்புண் உண்டு. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் எரிச்சல் வந்து சுருண்டுவிடுவார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"ஊரே மூடிக் கெடக்குது. இங்க துன்னலன்னா வேற எங்கப்பா துன்னுவ?" என்றேன்.

"ஒரு நாள்ல செத்தா பூடுவேன்?"

"செத்துதான் பூடுவ. வவுத்துல புண்ண வெச்சிக்கினு இன்னா வீம்பு இது?"

"வீம்பு இல்லம்மா, மொற. உங்கம்மாவப் பெத்தவரு, நீ பொறக்கற வரைக்கும் நம்ம வூட்ல பச்சத் தண்ணி குடிக்கல. நான் மட்டும் தட்ட நீட்டிக்கினு ஒக்காந்தா நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"அந்த நாலு பேரும் மரம் வெட்டப் போயிருக்கான். எவனும் பாக்கமாட்டான், துன்னு."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, சாப்பிட மட்டும் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தேன். பெற்ற தகப்பன் வாசற்படி தாண்டி வந்து பட்டினி கிடக்கிறார், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. இதைவிடக் கேவலம் ஒரு மகளுக்கு என்ன இருக்கிறது? உட்கார்ந்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். "பூச்சி வந்துடுச்சி!" என்றார். முகமெல்லாம் பல். எறிந்த கரண்டியை எடுத்து அவர் மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது. என் முகத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மூடிக் கிடந்த சோற்றுப்பானையைப் பார்த்தார்.

பிறகு, "மாமா, சும்மா ஒக்காந்துகினு இருக்கறதுக்கு ஏரிப் பக்கம் போய்ட்டு வரலாங்களா?" என்றார். என் பக்கம் வந்து தணிந்த குரலில், "சோத்தக் கட்டு" என்றார். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காக அன்றைக்குத்தான் முதன்முதலில் மனசாரச் சந்தோஷப்பட்டேன்.

ஏரியில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. மற்ற இடமெல்லாம் வெடித்த சேறும் தேள்கொடுக்குச் செடியும். பார்த்ததும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கிட்டப் போனதும்தான், வாடிய செடிகளில் தொங்குவது இலை இல்லை, பட்டாம்பூச்சி என்று தெரிந்தது. கறுப்பில் வெளிறிய நீலப் புள்ளி போட்டவை, வெறும் கரும்பழுப்பானவை. காய்ந்த தண்டைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிக்கொண்டிருந்தன. பச்சையாக இருக்கிற செடியை விட்டுவிட்டுக் காய்ந்ததைத்தான் தேடித் தேடி உட்கார்ந்தன. தலைக்கு மேலே இன்னும் வந்துகொண்டே இருந்தன. கிழக்கிலிருந்து கரையைத் தாண்டி, ஆள் உயரத்துக்கு, ஒன்று பின்னால் ஒன்றாக, கல்வராயன்மலைப் பக்கமே குறியாகப் போயின. அவசரமும் இல்லை, நிற்பதும் இல்லை. திரும்பி வருகிற பூச்சி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

"மழ புடிக்கறதுக்கு முன்னாடி மலையேறிடுமுங்க. அந்தாண்ட இன்னும் பெரிய மலைக்குப் போவுது" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பா கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நடுத் தண்ணீர் ஓரத்தில் உள்ளான் ஓடிக்கொண்டிருந்தது. "குருவி எல்லாம் எங்கூர்ப் பக்கம் கடலப் பாத்து வருது, பூச்சி மலையப் பாத்துப் போவுது. நாமதான் பஸ் இல்லாம நடுவுல குந்திகினு இருக்கறோம்" என்றார். வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

நான் கேரியரைத் திறந்தேன். அப்பா அதைப் பார்த்தார். கரையை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் கர யாருதுங்க மாப்ள?"

"பொறம்போக்குங்க மாமா. சர்க்காரோடது."

"அப்ப சரி."

ஏரித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அரிசி யார் வீட்டு அரிசி, அடுப்பு யார் வீட்டு அடுப்பு என்று அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பும் மோரும்தான். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பூச்சி ஒன்று அவர் தோளில் உட்கார்ந்து எழுந்து போனது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சு நிறைந்து போயிற்று எனக்கு.

மறியல் முடியும்வரை எங்களுக்கு இதே வேலை. காலையும் மத்தியானமும் சோற்றைக் கட்டிக்கொண்டு பூச்சி பார்க்கப் போனோம். ஊரில் அவனவன் கொதித்துக் கிடக்கும்போது வாத்தியார் குடும்பம் பிக்னிக் போகிறது என்று தெருவில் பேசினார்களாம். பேசட்டுமே! அந்தியில் மட்டும் அப்பா மோரோடு நிறுத்திக்கொள்வார். மோர் காப்பி மாதிரிதானே, குடிக்கிறதுதானே என்று நான் வாதாடி ஜெயித்திருந்தேன்.

ஒருநாள் பூச்சி ஏரியை விட்டு வடக்கே உழாமல் கிடந்த ஒரு கரம்புக் காட்டில் இறங்கியிருந்தது. காடு முழுக்கக் கிலுகிலுப்பைச் செடி, அதன் காய்ந்த நெற்றெல்லாம் பூச்சி. அங்கேயே துண்டு விரித்து உட்கார்ந்தோம். அப்பா சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து வாய்க்குக் கொண்டுபோனவர், நினைவு வந்து நிறுத்தினார்.

"இதுவும் பொறம்போக்குதானுங்களா?"

என் வீட்டுக்காரர், "இல்லீங்க மாமா, எங்க சித்தப்பா நெலந்தான்" என்றார்.

உருண்டை தட்டுக்குத் திரும்பியது. அப்பா எழுந்தே நின்றுவிட்டார், மாப்பிள்ளை வீட்டு மண் என்று. நான் என் வீட்டுக்காரரை முறைத்த முறைப்பில் அவர் எரிந்து போயிருக்க வேண்டும். ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் சொல்ல வராத ஆளை எனக்குப் பார்த்து முடித்திருக்கிறார்கள். தட்டையும் தூக்குகளையும் சுமந்துகொண்டு வாய்க்கால்வரை நடந்தோம். வாய்க்கால் சர்க்காருடையது என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த உருண்டை உள்ளே போனது.

மரங்களை அப்புறப்படுத்தினார்கள், பஸ் ஓடியது, அப்பா போய்விட்டார். தலை தீபாவளிக்கு நாங்கள் கடலூர் போய் வந்தோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த புரட்டாசியில், அழைக்காமல் கொள்ளாமல், அப்பா வந்து இறங்கினார். "பூச்சி வந்துடுச்சாங்க மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை விட்டார்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் வந்தார். நடுவில் மறுபடி போராட்டம், பந்த் என்று வந்த வருஷங்களிலும் எப்படியாவது வந்து சேர்ந்தார். ஒரு வருஷம் கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைக்குப் போனோம். மலை அடிவாரத்தில் பூச்சி மரத்தையே மூடிக்கொண்டிருந்தது. அணைக்கரையில் அப்பா மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பூச்சியைப் பார்த்ததைவிடத் தட்டைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. குருவியும் பூச்சியும் பார்க்கவா கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஒரு மனிதர் அவ்வளவு தூரம் வருவார்? எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும், ஆனால் யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றையும் நாங்கள் சொன்னதில்லை. எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் நானே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு டாக்டர், வேண்டுதல், மறுபடி டாக்டர். தெருவில் விசேஷம் உண்டா என்று கேட்டவர்களுக்கெல்லாம் வாயாடி பதில் சொல்லிவிடுவேன். அப்பா மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் வாசற்படி ஏறும்போது முதலில் என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் வயிற்றுப் பக்கம் ஒரு பார்வை போய்வரும். பிறகுதான் பூச்சியைப் பற்றிக் கேட்பார். நான் கேரியரைக் கழுவ எடுப்பேன். அந்த வருஷமும் ஏரிக்கரைதான் என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு ஐப்பசி. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. பூச்சி வந்ததா, வராமலே போனதா, தெரியவில்லை. ஏரி தளும்பியது, உள்ளான் கால் வைக்கக்கூடச் சேறு இல்லை. அப்பா புரட்டாசியில் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். மழை கொட்டுகிற ஒரு மத்தியானம் நனைந்துகொண்டு வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். செருப்பை விட்டார், துண்டால் தலையைத் துவட்டினார். என் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் பார்வை இறங்கவில்லை.

என் வீட்டுக்காரர் குடையைத் தேடினார். நான் கேரியரை எடுத்து வைத்துச் சோற்றை அள்ளினேன். இந்த மழையில் ஏரிக்கரையில் எங்கே உட்கார வைப்பது, ஏதாவது கோயில் மண்டபத்துக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கும்மா அது? இங்கயே போடு" என்றார் அப்பா.

"இங்கயாப்பா?" என்றேன்.

"இங்கதான். இத்தன வருசமா உன்னையும் வெயில்ல குந்த வெச்சிட்டேன். போதும். போடு."

பின்கட்டுக்குப் போய் எங்கள் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இலை போட்டேன். சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். என் வீட்டுக்காரர் குடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்பா பிசைந்து முதல் வாய் எடுத்து வைத்தார். யாருடைய இடம் என்று கேட்கவில்லை.

எத்தனை வருஷம் இதற்காக அவரோடு சண்டை போட்டிருப்பேன்! என் வீட்டில், என் கையால், அப்பா சாப்பிடுகிறார். ஆனால் பேரப்பிள்ளைக்காகக் காத்திருந்ததை அவர் இன்றோடு விட்டுவிட்டார் என்றும் எனக்குப் புரிந்தது. ரசம் கொண்டுவருகிற சாக்கில் அடுப்படிக்குப் போய், சத்தம் வெளியே கேட்காமல் இருக்கப் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் அப்பா.