அந்தக் கடையில் சுட்டவர்

என் வீட்டுக்காரர் சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில், ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசை சுட்டார். இதைச் சொல்வதில் என்ன ஆபத்து இருக்கிறது என்பது ஐம்பதுகளின் கடைசியில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு சாயங்காலம், வேலை போன காவல்காரன் ஒருவன் துப்பாக்கியோடு அந்தக் கடைக்குள் நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைச் சுட்டான். நான்கு பேர் செத்தார்கள். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான். என் வீட்டுக்காரர் அடுப்புக்குப் பின்னால் குனிந்து பிழைத்தார். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார்.

"கல்லுல ஒரு தோசை கெடந்துச்சு. திருப்பிப் போட ஆளில்ல. கருகிப் போச்சு" என்றார். 

துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் அப்போதுதான் வந்து உட்கார்ந்து கேட்ட முதல் தோசை அது. முதல் குண்டு அவர் மேல்தான் பட்டது.

மறுநாளே தெரு முழுக்கத் துப்பறிய ஆரம்பித்துவிட்டது. செத்தவர்கள் யார் என்று கேட்டவர்கள் குறைவு. சுட்டவன் எந்த ஊர், எந்த ஆள் என்பதுதான் பேச்சு. நம்ம ஆள் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள எல்லோருக்கும் அவ்வளவு அவசரம். பொம்பளை விவகாரம் என்றார்கள், குண்டர் கும்பல் என்றார்கள், கம்யூனிஸ்டு என்று காதோடு காதாகச் சொன்னவர்களும் உண்டு. ஒருத்தரிடமும் ஆதாரம் கிடையாது. என்னிடமும் கிடையாது, ஆனாலும் கடை முதலாளி மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

அந்த மனிதர் செய்ததைக் கேளுங்கள். கடையைக் கழுவினார், பச்சைச் சுவரை நீலமாக்கினார், பெயர்ப் பலகையை மாற்றினார், குங்குமம் தடவிய பூசணிக்காய் ஒன்றை வாசலில் உடைத்தார். அதோடு அவருக்குக் கணக்குத் தீர்ந்தது. குங்குமச் சிவப்பு மட்டும் கடை முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதைச் சிமெண்டில் ஊறிப்போய்விட்டது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டி, "ரத்தம் இன்னும் போகல, பாருங்க" என்றார்கள். அது பூசணிக்காய் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செத்த நான்கு பேரின் பெயரையும் அந்த வாசலில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் அந்தக் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. தேக்கா மார்க்கெட் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி போட்டோம். மாவும் சட்னியும் என் பொறுப்பு. கூட்டம் நன்றாகத்தான் வந்தது, பக்கத்து வீட்டுக்காரி புதிதாகக் குடிவந்த ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வரும்வரை.

"அந்தக் கடையில சுட்டது இவருதான் லா. கைப்பக்குவம் அப்படி" என்று பெருமையாகச் சொன்னாள் அவள். தோசை என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் வாயா வலித்திருக்கும்? புதியவள் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் கூட்டம் தேய்ந்தது. சுட்டவன் அங்கேயே செத்தான் என்று பேப்பரில்தான் வந்ததே என்பீர்கள். பேப்பர்காரன் எல்லாவற்றையுமா போடுகிறான் என்று நம் ஜனங்களுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. இரண்டாவது ஆள் ஒருத்தன் இருந்தான் என்றார்கள். அடுப்புக்குப் பின்னால் இருந்தவனுக்கு மட்டும் எப்படி ஒரு கீறல்கூட இல்லை என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. தோசையை வார்த்தோம், அப்பத்தை ஊற்றினோம், வடையைப் போட்டோம். சுடுதண்ணிகூட வெந்நீர் ஆகிவிட்டது.

அறுபதுகளின் நடுவில் ஒரு அம்மா வண்டிக்கு எதிரே வந்து நிற்க ஆரம்பித்தார். முதல் நாளே எனக்கு அடையாளம் தெரிந்தது. துறைமுகக்காரரின் மனைவி. துக்க வீட்டில் பார்த்த முகம். டோபி காட் பக்கம் ஒரு பங்களாவில் சமையல் வேலை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பஸ் நிற்கிற இடத்தில் நின்று என் வீட்டுக்காரரின் கையையே பார்ப்பார். பஸ் வந்தாலும் ஏறமாட்டார். பிறகு ஒன்றும் வாங்காமல் போய்விடுவார். ஊர்ப்பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கிறது, நீ மட்டும் எப்படிப் பிழைத்தாய் என்று கேட்கத்தான் நேரம் பார்க்கிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அவர் நிற்கிற நாளில் இவருக்குத் தோசை பிய்ந்து பிய்ந்து வரும்.

"வண்டிய வித்துட்டு எங்கயாச்சும் கூலி வேலைக்குப் போயிடறேன்" என்றார் ஒரு நாள்.

"எதுக்கு? நீங்க என்ன தப்பு செஞ்சீங்க?"

"அந்தம்மா மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால கல்லு முன்னால நிக்க முடியல."

வண்டியை வாங்க ஆளும் பார்த்துவிட்டார். அந்த வாரம் ஒரு மழைச் சாயங்காலத்தில், அந்த அம்மா குடையை மடக்கிக்கொண்டு நேரே வண்டிக்கு வந்தார்.

"அண்ணே, ஒரு தோசை சுட்டுக் குடுங்க."

வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராகக் கரண்டியைக் கீழே வைத்தேன். இவர் தோசையைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, கை ஓயக்கூடாது என்பதுபோல அடுத்த மாவைக் கல்லில் ஊற்றினார். அந்த அம்மா தட்டைத் தொடவில்லை.

"அன்னிக்கு ஒங்ககிட்ட தோசை கேட்டுட்டு ஒக்காந்திருந்தாருன்னாங்க. காலையில வீட்டுல ஒண்ணும் சாப்பிடாமத்தான் கெளம்புனாரு. கேக்கணும் கேக்கணும்னு வந்து வந்து போறேன், வாய் வரல. சாப்ட்டாராண்ணே?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு சாப்ட்டாரும்மா. நல்லா இருக்குன்னாரு. மூணாவதுக்குத்தான் ஒக்காந்திருந்தாரு."

"அப்ப பசியோட போகல."

"இல்லம்மா."

அந்த அம்மா தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். கல்லில் கிடந்த தோசை ஓரத்தில் புகைந்தது. நான் போய்த் திருப்பிப் போட்டேன்.