புறங்கைச் சோதனை

என் மாமனார் எலக்ட்ரீஷியன். குழாயையும் ஹீட்டர் போட்ட வாளித் தண்ணீரையும் அவர் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் வீட்டில் ஒருவரும் வெந்நீரில் குளிக்க முடியாது. "உள்ளங்கைன்னா கரண்டு பிடிச்சுக்கும் மாப்பிள்ளை. புறங்கைன்னா உதறிடும்" என்பார். கல்யாணமான புதிதில் நான் துண்டோடு நடுங்கிக்கொண்டு நின்றாலும் மனுஷர் அசைய மாட்டார்.

அவருடைய ஒரே மகள், அதாவது என் மனைவி, தண்ணீரில் மின்சாரம் ஏற்றும் ஆய்வுக்கூடத்தில் போய் வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய எஃகு உருளை, அதற்குள் சின்ன உருளை, இரண்டுக்கும் நடுவே தண்ணீர். அதுதான் அங்கே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர். உப்பும் அழுக்கும் துளிகூட இல்லாத தண்ணீர் மின்சாரத்தை லேசில் கசிய விடாது. அதற்குப் பதில் எண்ணெய் ஊற்றினால் தேங்குவதைப்போலப் பல மடங்கு மின்சாரம் தேங்கும். ஆனால் கண் சிமிட்டும் நேரம்கூடத் தாங்காது. ஏற்றிய கையோடு இறக்கிவிட வேண்டும்.

"தண்ணியையும் கரண்டையும் சேர்க்காதேன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். நீ அதையே வேலையா பண்றியே! விட்டுடும்மா" என்று ஓயாமல் நச்சரித்தார்.

"ஒரு நாள் வந்து பாருங்கப்பா. பாத்த பிறகும் பயமா இருந்தா விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

குடும்பத்தினர் வந்து பார்க்கும் நாளில் மாமனாரும் நானும் போனோம். அந்த உருளைத் தொட்டியின் மூடி திறந்திருந்தது. மின்சாரம் ஏற்றுவதற்கு முன் தண்ணீரின் சுத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தவள் முகம் மாறியது.

"யாரோ கை வச்சிருக்காங்க."

மாமனாரின் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா! நீங்க என்ன சின்னப் பிள்ளையா? கையில இருக்கிற உப்பு போதும், மொத்தத் தண்ணியும் கெட்டுப்போக. மறுபடி சுத்தம் பண்ண சாயங்காலம் ஆயிடும்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ தினமும் நிக்கிற இடம்மா. கசிவு இருக்கான்னு பாத்தேன்."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து அவர் கையைத் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் எல்லோரும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றோம். மின்சாரம் ஏறி இறங்கியபோது 'பட்'டென்று ஒரே சத்தம். மாமனார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் அணைந்த பிறகு அவள் உள்ளே போனாள். மிச்சமிருக்கும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் நீளக் கம்பியைத் தொட்டியில் மாட்டினாள். சற்றுப் பொறுத்தாள். அதன் பிறகும் உடனே கை வைத்துவிடவில்லை. முதலில் தொட்டியைப் புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்த்தாள்.

மாமனார் அப்போதுதான் என் கையை விட்டார்.

"அவ வேலைய விட வேண்டாம்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றார்.