பதின்மூன்று நாள் முன்னே போன சீர்

1935ஆம் வருஷம் ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை. தமிழில் பவ வருஷம் தை 14. எந்தப் பயணத்தை எழுதினாலும் தலையில் ஒரு தேதி போடுவது என் வழக்கம். இந்தத் தடவை இரண்டு போட்டதற்குக் காரணம் போகப் போகத் தெரியும். மதுரையிலிருந்து வாடிப்பட்டி வழியாக, என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊருக்கு நானும் என் மனைவி தங்கமும் போய்வந்தோம். அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊராரும் என் பெயரை வெளியே சொல்லாமல் இருந்தால் நன்றியுடையவனாவேன்.

தங்கை செல்லம்மாளின் மூன்று வயது மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமனாகிய நான் சீர் கொண்டுபோய், பையனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவளுடைய மூத்த பெண்ணின் காதுகுத்துக்கு, பஸ் வழியில் கெட்டு நின்றதால், நான் போய்ச் சேர்ந்தபோது எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையை வேறு யார் மடியிலோ வைத்துக் குத்தியிருந்தார்கள். அன்று முதல், "உங்கண்ணன் இருக்காகளே" என்று அவள் மாமியார் ஆரம்பிக்காத பண்டிகை கிடையாது. தங்கைக்கு அதற்குப் பதில் சொல்ல வாயும் கிடையாது.

அதனால்தான் மாப்பிள்ளை ராமசாமி எழுதிய கார்டின் அடியில் அவள் சொல்லி எழுதிய ஒரு வரி இருந்தது: "அண்ணன் இந்தத் தடவையாவது நேரத்துக்கு வரவும்." கார்டு ஜனவரி 18 வெள்ளிக்கிழமை வந்தது. 'இந்த மாதம் 27ந் தேதி பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள்' என்று கண்டிருந்தது. உடனே சட்டைப்பை டைரியில் குறித்துக்கொண்டேன். தங்கம் மட்டும் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, அன்று தேய்பிறை அஷ்டமியாயிற்றே, நல்ல காரியம் வைப்பார்களா என்று கேட்டாள். வான சாஸ்திரத்தைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு புத்தகம் படித்தவன் நான். அவளுக்கு அரைமணி நேரம் சந்திரனைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவள் பாதியில் எழுந்து உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

காலை 6-20. சிம்மக்கல்லில் பஸ் ஏறினோம். தலைக்கு ஐந்தணா. ஏழு பித்தளைத் தட்டு, ஒரு தார் வாழைப்பழம், தேங்காய், வெல்லம், பட்டுச்சட்டை, சிவப்புக்கல் கடுக்கன், ரோஜா மாலை இரண்டு. மாலையில் ஒன்று பையனுக்கு, ஒன்று கிடாய்க்கு. கிடாயைக் கூரைமேல் கட்டினார்கள். வைகைப் பாலம் தாண்டுகிற வரையில் அது கத்திக்கொண்டே வந்தது. கண்டக்டர் என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னேன். நேரம் தவறாமல் போய்விடுவோமா என்று சமயநல்லூருக்குள் மூன்று தடவை அவரைக் கேட்டதாகத் தங்கம் சொல்கிறாள்.

காலை 7-55. வாடிப்பட்டி. மதுரையிலிருந்து பதினாறு மைல். இறங்கியதும் மேளத்துக்கு ஆள் தேடினேன். மாயாண்டி என்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், அவரோடு நான்கு பேர். எந்த ஊர், எந்த வீடு என்று சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார்.

"அந்த வீட்டுக்கு எங்களைத்தான் பேசியிருக்காக ஐயா. ஆனா இருபத்தேழுக்குல்ல வரச் சொன்னாக?"

"இன்றைக்குத்தானப்பா இருபத்தேழு."

"இன்னைக்கா?"

டைரியைத் திறந்து அச்சடித்த எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேதிகூடத் தெரியாமலா தொழில் செய்கிறீர்கள், நான் வராவிட்டால் அந்த வீட்டின் கதி என்ன ஆகியிருக்கும் என்று கடிந்துகொண்டேன். அவர் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

காலை 9-40. மாட்டுவண்டியில் நான்கு மைல் போய் ஊர் எல்லையில் இறங்கினோம். கோயிலடியில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். "முன்னுக்குத் தள்ளிட்டாகளா?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டது என் காதில் விழுந்தது, விழுந்தும் ஏறவில்லை. மேளம் முழங்க, கிடாய் மாலையைத் தின்றுகொண்டே வர, இரண்டு தெருவைச் சுற்றி வந்தோம். வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு நிமிர்ந்து நான் நடந்ததில்லை.

தங்கை வீட்டு வாசலில் பந்தல் இல்லை. வாழைமரம் இல்லை. ராமசாமி முண்டாசு கட்டி, ஏணியில் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். மேளம் வாசலில் வந்து நின்றதும் அவருடைய தாயார் எட்டிப் பார்த்து, "யாருக்குப்பா கல்யாணம்?" என்றார். கொல்லையிலிருந்து செல்லம்மாள் ஓடி வந்தாள். இரண்டு கையிலும் சாணி. பையன் ஒட்டுத்துணியில்லாமல் வந்து கிடாயைத் தொட்டுப் பார்த்தான்.

ராமசாமி ஏணியிலிருந்தபடியே கேட்டார்: "மச்சான், இன்னைக்குத் தை பதினாலுல்ல?"

கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாகிய எனக்கு மாதம் என்றால் ஜனவரி. பயிர் செய்கிற சம்சாரிக்கு மாதம் என்றால் தை. கார்டில் அவர் எழுதாமல் விட்ட பெயரை நானே நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இது எனக்குப் புரிவதற்குள் ஊருக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தில் ஒருவர், "இது இங்கிலீசுக் காதுகுத்துப்பா" என்றார். சிரிப்பு தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தது.

அதுவரைக்கும் நடந்தது வெறும் அசட்டுத்தனம். வெட்கம் அதற்குப் பிறகுதான். வாசலுக்கு வந்த சீரை நிறுத்தக் கூடாது என்று ஆரத்தி எடுக்கச் சொல்லிவிட்டு, மாமியார் மாயாண்டியின் பக்கம் திரும்பினார்.

"அவுகதான் டவுனு ஆளு. உனக்குத் தெரியும்ல? சொல்றதுக்கு என்னடா?"

மாயாண்டி என்னைப் பார்த்தார். நான் கிடாயின் கயிற்றைப் பார்த்தேன். "நாந்தேன் கணக்கை மாத்திட்டேன் தாயி" என்றார் அவர். இருபத்தேழுக்கு வேறு மேளச் செட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று ராமசாமி தாயாரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நிச்சயம் மாயாண்டிக்கும் கேட்டிருக்கும்.

நான் கைகால் கழுவி, இலையில் உட்கார்ந்து, அவசரமாக வடித்த சோற்றைப் புளிக்குழம்போடு சாப்பிட்டேன். தங்கம் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் அந்த ஐந்து பேரும் இருந்தார்கள்.

பகல் 1-15. வண்டி பூட்டினார்கள். செல்லம்மாள் காலித் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இருபத்தேழுக்கு வருவியாண்ணே?" என்று மெல்லக் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் அப்படியே வண்டியில் ஏறியிருப்பேன். நான் திரும்பி நடந்து, ராமசாமியும் அவர் தாயாரும் நின்ற இடத்துக்குப் போனேன்.

"அவர் வாடிப்பட்டியிலேயே சரியாகச் சொன்னார். நான்தான் அவரைத் திட்டி அழைத்துவந்தேன். வேறு செட்டுப் பேச வேண்டாம்."

இதைச் சொல்ல எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மாமியார், "இம்புட்டுப் படிச்சும்" என்று தொடங்கி, மருமகளின் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். மாயாண்டி மரத்தடியிலிருந்து எழுந்து துண்டை உதறினார், அவ்வளவுதான்.

மாலை 4-10. திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். "காதுகுத்து நல்லபடியா முடிஞ்சிருச்சாண்ணே?" முடிந்தது என்று சொல்லிவிட்டேன். வைகைப் பாலம் வந்ததும் தங்கம், "டைரியில இன்னைக்கு என்ன எழுதப் போறீக?" என்றாள். அன்று நான் ஒன்றும் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

தை 27, பிப்ரவரி 9, சனிக்கிழமை. முதல் நாளே போய் வாடிப்பட்டியில் தங்கி, காலை 9 மணிக்கெல்லாம் ஊர் எல்லையில் இருந்தோம். கோயிலடியில் மாயாண்டி வைக்கோலைக் கொளுத்தி, தோல் விறைக்க மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"ஐயா, இன்னைக்கு உங்க நோட்டுல என்ன தேதி போட்டிருக்கு?"

"ஒன்பது" என்றேன்.

"அப்ப இருபத்தேழுக்கு இன்னும் நாள் கெடக்கே. திரும்பிப் போயிருவமா?"

முகத்தில் சிரிப்பு இல்லாமல்தான் கேட்டார். பின்னால் நின்ற நால்வருக்கும் அடக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. மேளம் முன்னே போயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நடந்தேன். தெரு திரும்பியபோது வாசலில் வாழைமரம் தெரிந்தது; அதன் பக்கத்தில், முகத்துக்கு மஞ்சள் பூசி, செல்லம்மாள் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தாள்.