அண்ணன் தீட்சை பெற்ற ஞாயிறு

சனிக்கிழமை காலை சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம்தான். ஆனால் காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு கிளம்பியிருந்ததால், கண்ணை மூடினால் பிள்ளைகள் தப்பும் தவறுமாகப் போட்ட கணக்குகளே வந்தன. நான் ஊர் பார்க்க வரவில்லை. அண்ணன் மகள் யாழினி போனில் அழுதாள் என்பதற்காக வந்தேன்.

"அத்தை, அப்பா வீட்ட விட்டுட்டு ஆசிரமத்துக்கே போயிடப் போறாராம். சண்டே தீட்சை. நீங்க வந்து பேசுங்க, ப்ளீஸ்."

யாழினி மருத்துவமனையில் தாதி. அன்று பகல் ஷிஃப்ட் என்பதால் என்னை அழைக்க வர முடியவில்லை. டாக்சி பிடித்தேன். அண்ணன் வீடிருக்கும் ஈசூனுக்கு முப்பது வெள்ளி, அதாவது முப்பது டாலர் ஆனது. இரயிலில் வந்தால் மிகக் குறைவு, ஆனால் மாறி மாறி ஏறி இறங்க உடம்பில் தெம்பில்லை. ஓட்டுநர் ஒரு தமிழ் முஸ்லிம்.

"ஹாலிடேக்கா வந்திருக்கீங்க?"

"இல்லீங்க, குடும்ப விஷயம்."

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "அப்ப தூங்குங்க லா. ஈசூன் வந்ததும் எழுப்புறேன்."

அப்படியே எழுப்பினார்.

அண்ணன் சுந்தரம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி இறந்து ஓராண்டு ஆகிறது. அதன் பிறகு அவர் சாப்பாட்டு மேசையில் உட்காரவே இல்லை. மேசை முழுக்கத் துவைத்த துணி குவிந்து கிடந்தது. பசித்தால் கீழே காப்பிக் கடைக்குப் போய் எதையாவது தின்றுவிட்டு வருவார். மகள் சமைத்து மூடி வைத்தது மறுநாள் குப்பைக்குப் போகும். "அவளோட உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்கண்ணே" என்று போனில் பலமுறை சொல்லியிருக்கிறேன். டாக்டரும் சொன்னார். யாழினி கெஞ்சியே பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலை தீட்சைக்குக் கிளம்பிய அண்ணனோடு இரயில் ஏறினேன். நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியா வரை முக்கால் மணி நேரம். பேசவேண்டியதை அங்கேயே பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

"முப்பது வருசமா பாடம் நடத்துறேன். எங்க பள்ளிச் சுவத்துல 'மாதா பிதா குரு தெய்வம்'னு எழுதியிருக்கு. அந்தக் குரு நான்தான்னு நெனச்சிட்டிருக்கேன். நான் சொன்னா கேக்கமாட்டீங்க, அந்த ஆசிரமத்து சுவாமி சொன்னா கேப்பீங்களா?"

அண்ணன் சிரிக்கவில்லை. "நீ கணக்கு சொல்லித் தர்ற, செல்வி. பரிட்சை முடிஞ்சா பிள்ளைங்க போயிடும். உன்கிட்ட அதுங்க கொடுக்கிறது ஒரு மணி நேரம். நான் அவர்கிட்ட என்னையே கொடுக்கப் போறேன். இனிமே எனக்குன்னு ஒரு முடிவு கிடையாது. அதான் வித்தியாசம்."

"அது பயமா இல்லையா?"

"ஒரு வருசமா நானே முடிவெடுத்துத்தானே இப்படி இருக்கேன்."



சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு மாடியில் கூட்டம். கீழே மல்லிகைச் சரமும் வாழையிலைக் கட்டும் வாங்க வந்தவர்களின் நெரிசல். மேலே கருநாடகப் பக்கத்திலிருந்து வந்திருந்த சுவாமியின் உரை. புதிதாக ஒன்றும் இல்லை. 'கு' என்றால் இருள், 'ரு' என்றால் நீக்குபவர். ஆண்டுதோறும் ஆசிரியர் தினத்தன்று நான் கேட்பதுதான். கொட்டாவியை அடக்கிக்கொண்டேன்.

"நீங்களும் தீட்சைக்கா?" என்றார் ஒரு தொண்டர் அம்மா.

"இல்லைங்க, துணைக்கு வந்தேன்."

"அப்ப பின்னாடி உக்காருங்கக்கா, ஏர்கான் நல்லா வரும்."

ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனார்கள். அண்ணன் பழத்தட்டோடு போனார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. படியிறங்கினோம். தெருவில் கூட்டத்தின் நடுவே நின்று சொன்னார்:

"மந்திரம் கொடுத்தாரு. ஆசிரமத்துக்கு இப்ப வரவேணாம்னுட்டாரு. 'வீட்லயே இரு. உன் பொண்ணு வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்திருந்து, அவளோட உக்காந்து சாப்பிடு. அதான் உன் சாதனை, உன் தவம். கூப்பிடும்போது வா'ங்கிறாரு."

எனக்கு அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. நான் சொன்ன அதே சொல்! விமானம் ஏறி வந்து சொல்ல நினைத்ததும் அதையேதான்.

"இதைத்தானே நானும் சொன்னேன்?"

"சொன்னே. நீ சொன்னப்போ, செய்யலாமா வேணாமான்னு யோசிச்சேன்."

அன்று சாயங்காலம் அண்ணன் மேசையிலிருந்த துணிகளை மடித்து அடுக்கினார். யாழினி வேலை உடுப்போடு வந்தவள் வாசலிலேயே நின்றாள். மூன்று தட்டு. நான் வைத்த ரசம், வாங்கி வந்த பொரித்த மீன். அண்ணன் பிசைந்து பிசைந்து சாப்பிட்டார். நடந்ததைக் கேட்ட யாழினி தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, அவர் போகச் சொல்லியிருந்தா?" என்றாள்.

"போயிருப்பேன்."

"நாளைக்குக் கூப்பிட்டா?"

"போவேன்மா."

பொய் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள். "சரி. கூப்பிடற வரைக்கும் சாப்பிடுங்க."

இரண்டு நாளில் திரும்பிவிட்டேன். சாங்கிக்கு வழியனுப்ப வந்த யாழினி, "தேங்க்ஸ், அத்தை" என்றாள். நான் எதுவும் செய்யவில்லை என்று சொல்லவும் அலுப்பாக இருந்தது.

பள்ளி திறந்த அன்று எட்டாம் வகுப்பில், எந்த முக்கோணத்திலும் மூன்று கோணங்களின் கூடுதல் நூற்றெண்பது பாகை என்றேன். "எல்லாத்துக்குமா டீச்சர்? எப்படி நம்புறது?" என்று ஒருத்தி எழுந்தாள். வேறு நாளாக இருந்திருந்தால் எரிச்சல் வந்திருக்கும். அவள் என்னை நம்ப வேண்டியதில்லை, நான் போட்டுக் காட்டினால் போதும். காட்டியும் தப்பென்று பட்டால் மறுபடி எழுந்து நிற்பாள். நான் சொன்னதற்காக ஒருத்தர் வீட்டை விட்டே போவார் என்றால், அந்த வகுப்பில் எனக்கு வாய் திறக்கவே நடுங்கும்.

சாக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.