முதுகைப் பார்க்க ஓர் ஆள்

"அலர்ஜி ஏதாவது உண்டாங்க?" என்று தஞ்சாவூர்ப் பல் டாக்டரம்மா கேட்டபோது, இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நம்பித்தான் சொன்னேன். பாபநாசம் பக்கம் வயல் வைத்திருக்கிற எவனும் அரிப்பை அலர்ஜி என்று சொல்ல மாட்டான். அது நெல்லுச் சுணை, கதிர்த் தூசியில் இருக்கிற பொடி முள். குளித்தால் போய்விடும்.

அந்தம்மா விடவில்லை. போன வருஷம் வேறோர் இடத்தில் பல் பிடுங்கியபோது ஒன்றும் ஆகவில்லையா என்றார். உதடு வீங்கியது, கையெல்லாம் தடித்தது என்றேன். "அன்னிக்கு அறுப்புங்க. களத்துலேர்ந்து நேரா போனேன். சுணைதான்."

"சுணைக்கு உதடு வீங்காதுங்க. மரத்துப்போகப் போட்ட ஊசியா இருக்கும். முதுகுல தடிப்பு இருந்துச்சா?"

"தெரியாது."

"வீட்டுல யாரும் பாக்கலையா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனைவி போய் மூன்று வருஷம். மகன் சிங்கப்பூரில். என் முதுகை யார் பார்ப்பது, சுவரா? அவள் இருந்தவரை, அறுப்பு முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றச் சொல்லி, திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

டாக்டரம்மா அன்று பல்லைத் தொடவில்லை. பொது மருத்துவரிடம் அனுப்பினார், ஊசி மருந்தை மாற்றினார், முன்கூட்டியே போட அலர்ஜி மாத்திரையும் எழுதினார். முந்தின நாள் ஒன்று, கிளம்பும்முன் ஒன்று. "தூக்கம் வரும். ஊசி போட்டப்புறம் தடிப்பு வருதான்னு வேற பாக்கணும். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க."

யாரைக் கூப்பிடுவது? ஊரே அறுவடை மெஷினுக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கப் போய், நெல் காய்ந்ததா என்று விசாரித்துவிட்டுத் திரும்பினேன். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள்; எனக்குப் பல் இருக்கும்போதே சொல் வரவில்லை.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தூங்கிவிடக் கூடாதென்று பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பயமாக இருந்தது. போய்ச் சேர்ந்ததும் துணை எங்கே என்று டாக்டரம்மா கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "சரி, நாங்க பாத்துக்கறோம். ஆனா தூக்கம் தெளியற வரைக்கும் இங்கயேதான் இருக்கணும்."

பல் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து நர்சம்மா வந்து சட்டையைக் கழற்றச் சொன்னார். முதுகை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க, சுத்தமா இருக்கு. சட்டையைப் போட்டுக்கங்க."

நான் போடவில்லை.

"இன்னொரு தடவை பாருங்கம்மா" என்றேன்.