பாலைவன ஊரின் மலாக்கா கிளை

என் சின்ன மாமா ஆஸ்திரேலியாவுக்குப் போய் வந்தவர். இதை எங்கள் வீட்டில் நம்பிய ஒரே ஆள் நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது. நம்புவதற்கு அதைவிடத் தோதான வயது கிடையாது.

யுத்தத்துக்கு முன்னால் அவர் ஒரு கப்பலில் சமையல் கையாளாக ஏறிப் போனார். ஒரு வருஷத்துக்கும் மேல் மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு ஒருநாள் கறுத்து மெலிந்து வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். கப்பல் பழுதாகி ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்றுவிட்டதாகவும், கல் தோண்டும் கூட்டம் ஒன்றுக்குச் சமைத்துப்போட ரயிலேறி அந்த நாட்டின் நடுவயிற்றுக்கே போனதாகவும், ரயில் நாள் கணக்கில் செம்மண்ணுக்குள்ளேயே ஓடியதாகவும் சொன்னார். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் மரம் கிடையாது, மழை கிடையாது, வெயில் தாங்காமல் ஜனங்கள் மண்ணைக் குடைந்து உள்ளே கட்டில் நாற்காலி போட்டுக் குடித்தனம் நடத்துகிறார்கள், சாமி கும்பிடும் இடம்கூட மண்ணுக்குள்தான் என்று அவர் சொன்னபோது, அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? மனுஷன் எலி வளையிலயா இருப்பான்?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த ஊர் எங்கள் வீட்டில் ஒரு நிரந்தரப் பரிகாசப் பொருளாகிவிட்டது. அப்பா ஓர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அதிகம் பேசாதவர். அவரே வேலைவிட்டு வந்து சட்டையைக் கழற்றும்போது, "என்ன மச்சான், உங்க ஊர்ல இன்னிக்காவது மழை பேஞ்சுதா?" என்று கேட்பார். மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்பவர்கள் குறையக் குறைய என்னிடம் கூடுதலாகச் சொன்னார். அங்கே ஈக்கள் அவ்வளவு அதிகமாம். வாயைத் திறந்தால் நாலு ஈ உள்ளே போய்விடுமாம். அதனால் தெருவில் யாரும் பேசுவதில்லை. எதிரெதிரே பார்த்துக்கொண்டால் முகத்துக்கு முன்னால் கையை ஒருமுறை வீசி ஈயை ஓட்டுவார்கள். அந்த ஊர் வணக்கமே அதுதான் என்றார். நான் பள்ளிக்கூடத்தில் அதைச் செய்துகாட்டி, வாத்தியாரிடம் உதை வாங்கினேன். பெரியவள் ஆனதும் என்னை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று மாமாவிடம் சத்தியம் வாங்கிவைத்திருந்தேன்.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். அரிசி போயிற்று, மரவள்ளி வந்தது. காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, இரவில் மத்தியானத்து மரவள்ளி. அதைக்கூடச் சிரித்தபடி சமாளித்தோம். சிரிக்க முடியாதது சயாம். அங்கே ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். முதலில் நல்ல சம்பளம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராததைப் பார்த்து ஜனங்களின் ஆசை வற்றியது. அதன் பிறகு தெருவில் பிடித்து லாரியில் ஏற்றத் தொடங்கினார்கள். வேலையில்லாதவன், கல்யாணமாகாதவன், கைகால் திடமானவன் என்றால் அவன்தான் முதலில். எங்கள் சின்ன மாமா இந்த மூன்றிலும் குறை வைக்காதவர்.

ஒருநாள் காலையில் அவரைக் காணவில்லை. ஜப்பான்காரர்கள் எங்கள் வட்டாரத்துக்குப் பொறுப்பாக வைத்திருந்த ஆள் வந்து விசாரித்தபோது, வேலை தேடிச் சிங்கப்பூர் போய்விட்டான் என்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த ஆள் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தம்பி வந்தால் சொல்லம்மா என்று போனான். அதற்குப் பிறகு அம்மா பசார் பக்கம் போனால்கூட அவனுடைய கண் பின்னாலேயே வரும்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்னிடம் சொல்லாமல் மாமா சிங்கப்பூர் போவதாவது! சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். மரவள்ளியை மறுப்பது அப்படி ஒன்றும் பெரிய தியாகமில்லை என்றாலும் அம்மா பயந்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு, யாரிடமும் சொல்லாதே, மாமா அந்தப் பாலைவன ஊருக்குத்தான் போயிருக்கிறார், நீயும் போய்ப் பார்க்கலாம் என்றாள். கப்பல் வேண்டாமா என்று கேட்டேன். அம்மா திருதிருவென்று விழித்தாள். அப்பாதான் கைகொடுத்தார்.

"இங்கேயே ஒரு கிளை திறந்திருக்காங்க."

எனக்கு அது முற்றிலும் நியாயமாகப் பட்டது. காரைக்குடிச் செட்டியார் கடைக்கு மலாக்காவில் கிளை இருந்தது. ஜவுளிக்கடைக்குச் சிங்கப்பூரில் கிளை இருந்தது. ஓர் ஊருக்கு மட்டும் ஏன் கிளை இருக்கக்கூடாது?

அங்கே கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர்கள் சிட்டிகள், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த மண்ணிலேயே பெண்ணெடுத்துக் கலந்துபோன தமிழர்கள். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். அவரை நான் மலாய் வழக்கப்படி பாச்சிக் என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒரு மாட்டுவண்டி இருந்தது. விறகு ஏற்ற ஊருக்கு வெளியே புக்கிட் பாருவைத் தாண்டிப் போவார். அம்மா எனக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைபோலக் குட்டிக் கைலியும் சட்டையும் போட்டு, தலையை உச்சிக்கொண்டையாக முடிந்து, பாச்சிக்கின் பேத்தியாக்கி வண்டியில் ஏற்றிவிட்டாள். வெளிநாடு போகிறவர்கள் உடையை மாற்றிக்கொள்வது வழக்கம்தானே என்று நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன். மடியில் ஒரு மூட்டை: அவித்த மரவள்ளி, உப்புக் கருவாடு, பழைய போர்வை. ஓட்டல் வாடகை என்றாள் அம்மா. வழியில் யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்றும் சொன்னாள். ஈக்களைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன!

அந்த ஊர் மாமா சொன்னபடியே இருந்தது. வீடு கட்டச் செங்கல்லுக்குப் பதில் வெட்டியெடுக்கும் செம்பாறைக் குழி அது. யாரோ வெட்டிவிட்டுக் கைவிட்டுப் போயிருந்தார்கள். நாலு பக்கமும் சிவந்த சுவர். ஒரு மரம் கிடையாது. சுவரின் அடியில் ஒரு குகை குடைந்து, வாசலில் சாக்குப்படுதா தொங்கியது. படுதாவை விலக்கிக்கொண்டு மாமா வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்துக்கு முன்னால் கையை வீசினார். நானும் வீசினேன். அப்புறம் என்னைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் கீழே இறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு விறகு வண்டி போகும்போதெல்லாம் நான் அந்த ஊருக்குப் பயணம் போனேன். "பயணி வந்தாச்சு! பெட்டியெல்லாம் உள்ள கொண்டு போங்கப்பா" என்று இல்லாத வேலைக்காரர்களை அதட்டி மாமா என்னை வரவேற்பார். கடைத்தெரு, ரயிலடி, ராஜா வீடு என்று சுவரில் இருந்த ஒவ்வொரு பொந்தாகக் காட்டுவார். கல்லிடுக்கில் வெயில் காய்ந்த உடும்பு ஒன்றை இந்த ஊர்ப் பூனை என்று அறிமுகம் செய்தார். தண்ணீர் ஆளுக்கு ஒரு சிரட்டைதான். பாலைவனத்தில் அதுதான் சட்டமாம். மூட்டையை அவிழ்த்ததும் மட்டும் அவர் பேச்சு நின்றுவிடும். தின்னும் வேகத்தைப் பார்த்து, ஓட்டல் முதலாளி இப்படி வாடகையைத் தின்னலாமா என்று நான் கேட்பேன். வாய் நிறைய மரவள்ளியோடு சிரிப்பார். பிறகு அக்கா என்ன செய்கிறாள், மச்சான் என்ன சொன்னார், வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்பார். எனக்கு அலுப்பாக இருக்கும். பயணம் வந்த இடத்தில் வீட்டுக் கதை எதற்கு?

திரும்பி வந்தால் இங்கே அம்மா பிடித்துக்கொள்வாள். நான் ராஜா வீட்டைப் பற்றி ஆரம்பித்தால், மாமா மெலிஞ்சிட்டாரா என்பாள். மெலியாமல்? பாலைவனத்தில் எல்லாரும் காய்ந்துதான் போவார்கள் என்று நான் விளக்குவேன்.

ஒருமுறை போனபோது வரவேற்பு இல்லை. உச்சி வெயிலில் செம்மண் அனலைக் கக்கியது. மாமா குகைக்குள் போர்வைக்கு மேல் சாக்கையும் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். என்ன மாமா என்றதற்கு, இந்த ஊரில் மத்தியானம்தான் குளிர்காலம் என்றார். அவர் பற்கள் தாளம் போட்டன. மூட்டையைத் தொடவே இல்லை. மற்ற ஊர்களில் இல்லாத இந்த அதிசயத்தை வீட்டில் சொல்ல வேண்டுமே என்ற அவசரத்தில் நான் வழியெல்லாம் மாட்டை விரட்டச் சொன்னேன்.

"அம்மா, அங்க மத்தியானத்துல குளிருது! மாமா சாக்குக்குள்ள புகுந்துகிட்டு பல்லால மேளம் அடிக்கிறாரு!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குளிர்க் காய்ச்சல் அந்த நாட்களில் எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். மறுநாள் அப்பா ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தோடு வந்தார். அதில் குளிர்க் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரைகள் இருந்தன. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரம் அவர் மணிக்கட்டில் இல்லை. ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் இருந்தது.

இந்த முறை நானும் வருகிறேன் என்றாள் அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. காணாமல்போனவனின் அக்கா மூட்டையோடு ஊரை விட்டுப் புறப்பட்டால் பின்னாலேயே ஆள் வருவான் என்று தணிந்த குரலில் சொன்னார். அதற்குப் பாச்சிக்கின் மனைவி வழி செய்தாள். தன்னுடைய கைலியையும் கெபாயா சட்டையையும் அம்மாவுக்கு உடுத்தி, கொண்டை முடிந்து, ஊசி குத்தி, தன் கூடையையும் கையில் கொடுத்தாள். சிட்டிகள் பர்ச்சு என்று முன்னோர்களுக்குச் சாப்பாடு படைப்பார்கள். அதற்காக வாழையிலையில் உணவைக் கட்டிக்கொண்டு கல்லறைக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம். மாத்திரைப் பொட்டலம் மரவள்ளிக்கு அடியில் போயிற்று. புடவை தவிர வேறொன்றும் அறியாத என் அம்மா, கைலி தடுக்கத் தடுக்க வண்டியேறியதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பழகிய பயணி என்ற முறையில் அவளுக்குப் புத்திமதியும் சொன்னேன்: வாயைத் திறக்காதே, ஈ புகுந்துவிடும்.

சாலைத் தடுப்பில் வண்டியை நிறுத்தினார்கள். நாங்கள் இறங்கி ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்தோம். பக்கத்தில் நின்ற உள்ளூர்க் காவல்காரன், "மானா பெர்கி?" என்று போகுமிடத்தைக் கேட்டான். பாச்சிக் முன்னோர் படையல் என்றார். காவல்காரன் கூடையின் மேலிலையை விலக்கிப் பார்த்தான்.

"முன்னோருக்கும் மரவள்ளிதானா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தான். பாச்சிக்கும் சிரிக்கப் பார்த்தார். காவல்காரன் அம்மா பக்கம் திரும்பி, யாருக்குப் படையல், மாமனாருக்கா என்று கேட்டான். அம்மாவுக்குத் தெரிந்தது மீன்காரனிடம் பேரம் பேசும் மலாய்தான். அதுவும் பாதி தமிழ். வாயைத் திறந்தால் சிட்டி வேஷம் கலைந்துவிடும். அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்த ஊர் வழக்கப்படி முகத்துக்கு முன்னால் கையை வீசினேன். அம்மாவும் உடனே வீசினாள்.

அங்கே ஓர் ஈகூட இல்லை. காவல்காரன் புருவத்தைச் சுருக்கினான். ஆனால் சிப்பாய்க்கு அது பிடித்துப்போயிற்று. இது இந்த ஊர்க்காரர்களின் மரியாதை என்று நினைத்திருப்பார் போலும். துப்பாக்கியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வெகு கம்பீரமாகத் தன் மூக்குக்கு முன்னால் வலது கையை வீசினார். நான் மறுபடி வீசினேன். அவரும் மறுபடி வீசிவிட்டு, போகலாம் என்று தலையை அசைத்தார். பாலைவன ஊர் வணக்கத்தை ஜப்பான்காரருக்கே கற்றுக்கொடுத்த பெருமையில் நான் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மாவும் பாச்சிக்கும் வெகுதூரம்வரை ஈக்குப் பயந்து வாயே திறக்கவில்லை.

குழிக்குள் இறங்கியதும் நான் கடைத்தெருவைக் காட்ட அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை உதறிக்கொண்டு படுதாவைத் தாண்டி உள்ளே ஓடினாள். தம்பி, தம்பி என்று அவள் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது கேட்டது. மாத்திரையைச் சிரட்டைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டியிருக்கிறாள். பிறகு மாமாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"வாங்கக்கா. ரூம் வாடகை கொஞ்சம் ஜாஸ்தி. பரவாயில்லையா?"

அம்மா சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே வேறாக மாறியது. வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது; பாலைவனத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் புழுதியில் அப்படித்தான் ஆகும் என்று பாச்சிக்குக்கு எடுத்துச் சொன்னேன்.

மாமா பிழைத்துக்கொண்டார். யுத்தம் முடிந்து வீட்டுக்கு வந்தார், கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளைப் பெற்று அவர்களுக்கும் அதே ஆஸ்திரேலியக் கதையைச் சொல்லி, அவர்களாலும் நம்பப்படாமல் நெடுநாள் சௌக்கியமாக வாழ்ந்தார். ஆனால் அன்றைக்கு அவர் பிழைப்பாரா என்பது யாருக்கும் தெரியாது.

அன்று மாலை அம்மா கைலியைக் களைந்து புடவை கட்டிக்கொண்டு அப்பாவுக்குச் சாப்பாடு போட்டாள். அப்பா கையை வைக்காமல், எப்படி இருக்கிறது உன் தம்பி ஊர் என்று கேட்டார்.

"அவன் சொன்னதுல எதுவும் பொய் இல்லங்க" என்றாள் அம்மா. "மண்ணுக்குள்ளதான் இருக்கான். தண்ணி இல்ல. பேச ஒரு ஆள் இல்ல."

எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. இத்தனை வருஷப் பரிகாசத்துக்கு அப்பா இப்போது என்ன சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் தட்டை என் பக்கம் நகர்த்தி, நீ சாப்பிடம்மா என்று எழுந்துபோனார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஒருவழியாக அந்த ஊரை நம்பிவிட்டார்கள். அதற்குப் போய் இரண்டு பேரும் ஏன் இப்படி ஆளுக்கொரு மூலையில் உட்கார வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. யோசித்தபடியே அப்பாவின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்தேன்.