மச்சினன் பெயரில் அடித்த பைலா

அருப்புக்கோட்டை பத்திர ஆபீஸ் எதிரே பல வருடம் டைப்பிங் கடை வைத்திருந்தேன். கிரயம், குத்தகை, சங்கங்களின் விதிமுறைகளான பைலா எல்லாம் அடித்திருக்கிறேன். இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். பைலா அடிக்கிறவளுக்கு விரல் மட்டும் ஓடினால் போதாது, கொஞ்சம் குறும்பும் வேண்டும்.

ஒரு நாள் முருகேசண்ணாச்சி வந்தார். திருச்சுழி ரோட்டில் லோடு வண்டிக்காரர்கள் சங்கம் ஆரம்பிக்கிறார்கள். தலைவர் தான்தான் என்று அவரே முடிவு செய்திருந்தார்.

"தாயி, எழுதிக்கோ. தலைவர் முருகேசன் நெனச்சா எந்த வண்டியையும் லைன்ல இருந்து தூக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல. தலைவர் முருகேசன் ஆயுசுக்கும் தலைவர்."

"எல்லா ஷரத்துலயும் உங்க பேரு வேணுமா அண்ணாச்சி?"

"பின்னே? மொத வேலையா அந்த மாரியப்பன் வண்டியத் தூக்கணும். கூட்டத்துல என்னையவே எதுத்துப் பேசுறான்."

மாரியப்பனை எனக்குத் தெரியும். ஒரே வண்டி, அதுவும் லோனில் ஓடுகிறது. லோடுக்காக முறைபோட்டு நிற்கும் லைனில் விடாவிட்டால் பஞ்சு லோடும் கிடைக்காது, நூல் லோடும் கிடைக்காது. வண்டியை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போக வேண்டியதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் டைப்பிங் கடைக்காரி நியாயம் பேசினால் கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

கம்ப்யூட்டரில் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரை எல்லா இடத்திலும் போட ஒரு தட்டு போதும். தட்டினேன். முருகேசன் இருந்த இடமெல்லாம் கருப்பசாமி வந்து உட்கார்ந்தார். கருப்பசாமி, நம்ம முருகேசண்ணாச்சியின் மச்சினன்; அவருக்கும் லோடு வண்டிதான். இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட்டு வருடக்கணக்காகிறது. பிரிண்ட் எடுத்து நீட்டினேன்.

பாதி படித்ததுமே அண்ணாச்சி தாளை மேஜைமேல் அடித்தார்.

"காரணம் சொல்லாம என் வண்டியத் தூக்க அவன் யாரு?"

"ஐயையோ, பேரு மாறிப்போச்சு அண்ணாச்சி. இந்தா மாத்திடுறேன். ஆனா, கூட்டத்துல எல்லாரும் சேந்து அவுக பேரையே போடச் சொல்லிட்டா?"

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேரே வேணாம், தலைவர்னு மட்டும் போடு. ரெண்டு வருசத்துக்கு மேல எவனும் உக்காரக் கூடாது. வண்டியத் தூக்கணும்னா காரணத்த எழுதிக் குடுக்கணும், சாட்சி காட்டணும். குத்தம் சொன்னவனே தீர்ப்பும் சொல்லக் கூடாது. சீட்டுக் குலுக்கி மூணு மெம்பர எடு, அவுக விசாரிக்கட்டும்."

அப்படியே அடித்தேன். நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தை அண்ணாச்சி தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பதவிக்குக் கெடு, பிரித்து வைத்த அதிகாரம், தனி விசாரணை என்று அதில் இருக்கிற பாதுகாப்பெல்லாம் மச்சினன் பயத்திலேயே அவருக்கு வந்துவிட்டது.

அண்ணாச்சிதான் முதல் தலைவர் ஆனார். உடனே மாரியப்பன்மேல் புகார் கொடுத்தார். சாட்சி இல்லை என்று மூன்று பேரும் கைவிரித்துவிட்டார்கள். நேரே என் கடைக்கு வந்தார்.

"இந்த வெளங்காத ஷரத்த யாரு எழுதுனது?"

"நீங்க சொன்னீங்க, நான் அடிச்சேன்."

இரண்டு வருடம் முடிந்தது. அடுத்த தலைவர் கருப்பசாமி. அவருடைய முதல் வேலை அண்ணாச்சி வண்டியைத் தூக்குவது. வரிசையை மீறி லோடு ஏற்றினார் என்று புகார். சீட்டுக் குலுக்கினார்கள். வந்த மூவரில் ஒருவர் தூக்கலாம் என்றார், ஒருவர் கூடாது என்றார். மூன்றாவது ஆள் மாரியப்பன்.

அண்ணாச்சி என் கடை பெஞ்சில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். "போச்சு தாயி. அவன் கையிலயா என் வண்டி மாட்டணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

மாரியப்பன் சாட்சி கேட்டான். கருப்பசாமியிடம் இல்லை. வண்டி லைனில் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டான்.

"நல்ல வாய்ப்பு, விட்டுட்டியேப்பா?" என்று பிறகு அவனைச் சீண்டினேன்.

"எனக்கும் ஆசதான்க்கா. ஆனா சாட்சி இல்லாம இன்னைக்கு அவுகளத் தூக்குனா, நாளைக்கு என்னையத் தூக்க வாரவன்கிட்ட நான் எந்த வாயால சாட்சி கேப்பேன்?"

பெண்களே, பைலா அடிக்க வருகிறவர் தனக்கு என்னென்ன அதிகாரம் வேண்டும் என்றுதான் சொல்வார். அடித்துக்கொண்டே, அவருக்கு ஆகாதவர் யார் என்று மெதுவாகக் கேட்டு வையுங்கள். மீதி ஷரத்தை அவரே சொல்லிவிடுவார்.